சிறிய உடலுக்கு எந்தக் கடல் கயாக்?

கடல் கயாக் வாங்கப் போகிறவர்கள் விவரப்பட்டியலில் முதலில் தேடுவது நீளத்தை. உயரம் 150 முதல் 162 செ.மீ., எடை 45 முதல் 60 கிலோ உள்ள ஒருவர் அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். மேல்தளம் எவ்வளவு உயரம், இருக்கையருகே எவ்வளவு அகலம், எத்தனை கிலோ ஏறினால் சரியாக அமிழும்படி அந்தப் படகு வரையப்பட்டது என்பவைதான் அவருக்கு முக்கியம்.

இங்கே கடல் கயாக் என்பது கால்களை உள்ளே நீட்டி உட்காரும், மேல்தளம் மூடிய, முன்னும் பின்னும் நீர்புகாத அறைகள் உள்ள ஒடுங்கிய படகு. தமிழ்நாட்டுக் கடற்கரைகளில் வாடகைக்குக் கிடைக்கும், மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் படகு வேறு வகை. பிரிட்டன், நார்வே, கனடா போன்ற இடங்களில் வாழ்ந்துகொண்டு, முதல் படகைப் புதிதாகவோ பழையதாகவோ வாங்க நினைப்பவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம்.

படகு பெரிதானால் என்ன ஆகும்

85 கிலோ ஆளும் ஒரு வாரத்துக் கூடாரச் சாமானும் ஏறினால்தான் சரியான மட்டத்துக்கு அமிழும் படகில், 50 கிலோ ஆள் மதியச் சாப்பாட்டுப் பையோடு ஏறினால் படகு தக்கைபோல் மேலே நிற்கும். நம் கடலோர வழக்கில் அணியம், அமரம் என்கிற முன்முனையும் பின்முனையும் நீரைவிட்டு எழும்பிவிடும். நீரில் படியும் நீளம் குறைவதால் நேர்கோட்டில் போகாது. நீருக்கு மேலே நிற்கும் பக்கச் சுவர் கூடுவதால் காற்று அதைத் தள்ளும்.

பக்கக் காற்றில் இது உடனே தெரியும். படகு முன்னேறும்போது அணியத்தை இருபுறமும் நீர் அழுத்திப் பிடித்திருக்கும். அமரத்தைச் சுற்றியுள்ள நீர் கலங்கிய நீர், அதற்கு அந்தப் பிடி இல்லை. காற்று அமரத்தைத் தள்ள, அணியம் காற்று வரும் திசைக்குத் திரும்பும். எல்லாக் கயாக்கிலும் இது கொஞ்சம் உண்டு. எடை குறைந்தவர் பெரிய படகில் போனால் ஒரே பக்கத்தில் துடுப்புப் போட்டுப் போட்டுத் தோள் ஓய்ந்துவிடும். புதியவர்கள் இதைத் தங்கள் பலவீனம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் பிழை படகின் அளவில் இருக்கிறது.

அடுத்தது பிடிமானம். கடல் கயாக்கை இடுப்பாலும் முழங்காலாலும்தான் ஆளவேண்டும். ஒரு முழங்காலை மேல்நோக்கி அழுத்தினால் படகு மறுபக்கம் சாயும். சாய்ந்தால்தான் சுலபமாகத் திரும்பும், அலையைத் தாங்கும், கவிழ்ந்தால் உருண்டு எழும். முழங்காலுக்கும் தளத்துக்கும் இடையே 8 செ.மீ. இடைவெளி இருந்தால் இதில் எதுவும் நடக்காது.

அகலமான படகு பாதுகாப்பானது என்று கடைகளில் சொல்வார்கள். அமைதியான ஏரியில் அது சரி. கடலில், அகலமான தட்டை அடிப்பகுதி அலையின் சரிவு எப்படிச் சாய்கிறதோ அப்படியே தானும் சாயும். ஒடுங்கிய படகில் நீங்கள் இடுப்பைத் தளர்த்தினால் படகு உங்களுக்குக் கீழே அசையும், நீங்கள் நிமிர்ந்தே இருப்பீர்கள். உயரம் குறைந்தவரின் ஈர்ப்பு மையம் ஏற்கெனவே தாழ்வாக இருப்பதால், நெட்டை ஆளுக்கு ஆட்டம் காட்டும் படகு அவருக்கு உறுதியாகவே இருக்கும்.

கிரீன்லாந்துக் கணக்கு

கயாக்கை உருவாக்கிய இனூயிட் மக்களிடம் சராசரி அளவு என்ற பேச்சே கிடையாது. ஓட்டுபவரின் உடலை அளந்துதான் சட்டம் கட்டினார்கள். கிரீன்லாந்தில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இது: நீளம், விரித்த கைகளின் அகலத்தைப்போல் மூன்று மடங்கு, அகலம், இடுப்பகலத்தோடு இரண்டு முஷ்டி.

155 செ.மீ. உயரமுள்ளவருக்கு விரித்த கை ஏறத்தாழ அதே 155. மூன்று மடங்கு 465 செ.மீ. உட்கார்ந்த நிலையில் இடுப்பகலம் 36 என்றால், முஷ்டிக்கு 8 வீதம் சேர்த்து 52 செ.மீ. சிறிய உடலுக்கு என்று இன்று நன்றாக வரையப்படும் படகுகளின் அளவும் ஏறக்குறைய இதுதான்.

1959இல் கென் டெய்லர் என்ற கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர் மேற்குக் கிரீன்லாந்தின் இல்லோர்சூட் கிராமத்திலிருந்து ஒரு கயாக்கை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவந்தார். பின்னால் பிரிட்டனில் செய்யப்பட்ட பல கடல் கயாக்குகள் அதன் வழிவந்தவை. வேட்டைக்காரர் ஒருவரின் உடலுக்குத் தைத்த சட்டைபோல் இருந்த அந்த வடிவம், பெரிய உடலுக்கும் முகாம் சாமானுக்கும் இடம் வேண்டி மாற்றப்பட்டது. சிறிய உடலுக்குப் படகு தேடுபவர் அந்தப் பழைய அளவை நோக்கித்தான் திரும்பிப் போகிறார்.

முதலில் உங்களை அளந்துகொள்ளுங்கள்

வீட்டிலேயே கால் மணி நேரத்தில் முடியும் வேலை. கடலுக்குப் போடும் உடை, காலணி, மிதவைச் சட்டை எல்லாம் அணிந்து எடை பாருங்கள். வெறும் எடையைவிட 4 முதல் 6 கிலோ கூடும். நாற்காலியில் உட்கார்ந்து இருபுறமும் கனமான புத்தகங்களை நிறுத்தி இடுப்போடு அணைத்து, அவற்றுக்கு இடையிலான தூரத்தை அளந்தால் அது இடுப்பகலம். பிறகு சுவரில் முதுகு சாய்த்துத் தரையில் அமர்ந்து, குதிகால்களை நடுவே கொண்டுவந்து முழங்கால்களைச் சற்று மடக்கி வெளிப்புறமாக விரியுங்கள். சுவரிலிருந்து பாதத்தின் முன்பகுதி வரையுள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கால்தாங்கி அங்கே வரவேண்டும்.

இந்த மூன்றாவது அளவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெரிய படகுகளில் கால்தாங்கியை எவ்வளவு பின்னே இழுத்தாலும் குட்டையான கால்களுக்கு எட்டாமல் போவதுண்டு. கடையில் நிற்கும்போது தெரியாது. வாங்கி வந்த பிறகு தெரியும்.

விவரப்பட்டியலை எப்படிப் படிப்பது

அகலம் 50 முதல் 55 செ.மீ. வரை இருக்கட்டும். 58ஐத் தாண்டினால் தள்ளிவைத்துவிடலாம். முன்தளத்தின் உயரம் காக்பிட் (நீங்கள் இறங்கி உட்காரும் குழி) அருகே 28 முதல் 31 செ.மீ.; 34 என்றால் உங்களுக்கு அது மார்பளவு மதில். நீளம் 425 முதல் 500 செ.மீ. வரை எதுவானாலும் சரி.

நீளமான படகுதான் வேகமானது என்பது பாதி உண்மை. ஒரு படகு எட்டக்கூடிய வேக எல்லையை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் அறிய, நீரில் படியும் நீளத்தை அடியில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்குவார்கள். 14 அடிக்கு ஏறத்தாழ 5 நாட், 17.5 அடிக்கு 5.6 நாட். ஆனால் 50 கிலோ ஆள் நாள் முழுக்கப் போகும் வேகம் 3 அல்லது 3.5 நாட். அந்த வேகத்தில் பெரிதும் தடுப்பது படகுக்கும் நீருக்கும் இடையிலான உராய்வு, நனையும் பரப்பு கூடக் கூட அது கூடும். ஆகவே அளவான படகில் அதே வேகத்துக்குக் குறைந்த உழைப்பே போதும். 4.5 நாட்டில் பாயும் குழுவோடு போக வேண்டியவர்களுக்கு மட்டும் நீளம் உதவும்.

பெயருக்குப் பின்னால் வரும் எல்வி (LV) என்ற எழுத்துகள் குறைந்த கொள்ளளவைக் குறிக்கும். இதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் எல்வி, அந்த நிறுவனத்தின் மற்றப் படகுகளைவிடச் சிறியது, அவ்வளவுதான். பி அண்ட் எச் நிறுவனத்தின் சீட்டஸ் எல்வி 5 மீட்டருக்கும் மேல் நீளமான பயணப் படகு. எட்டிலைனின் ஃபேதம் எல்வி ஏறத்தாழ 4.7 மீட்டர். இரண்டும் எல்விதான், இரண்டும் நல்ல படகுகள், ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று மாற்று ஆகாது. எழுத்தை விடுங்கள், எண்களைப் பாருங்கள்.

சுமை எல்லையும் அப்படித்தான். 130 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தால் அது அதிகபட்சம் ஏற்றக்கூடிய எல்லை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, எந்த எடையில் இந்தப் படகு சரியாக ஓடும் என்பது. நல்ல விற்பனையாளருக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்கும்.

தரையில் உட்கார்ந்து பார்ப்பது

இதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். கடலுக்குப் போகும் காலணியையும் மிதவைச் சட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். புல்தரையிலோ விரிப்பின் மேலோ படகை வைத்து உள்ளே இறங்குங்கள்.

இடுப்பிலிருந்து தொடங்குங்கள். இருபுறமும் தட்டையாக ஒரு கை நுழையும் இடைவெளி சரியானது. பக்கத்துக்கு 3 செ.மீ. வரை இருந்தால் ஃபோம் வைத்து அடைக்கலாம். 5 செ.மீ.க்கு மேல் போனால் இருக்கை உங்களுக்குரியதல்ல. பாதத்தின் முன்பகுதியைக் கால்தாங்கியில் ஊன்றுங்கள். சும்மா இருக்கும்போது முழங்காலுக்கும் தளத்தின் அடியில் உள்ள தொடைப் பிடிப்புக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி; பாதத்தை அழுத்தியதும் தொடை மேலே போய்ப் பிடிப்பில் அணைய வேண்டும். தொடைப் பிடிப்பு எந்த இடத்தில் படுகிறது என்பதும் முக்கியம். முழங்காலுக்குச் சற்று மேலே படவேண்டும். குட்டையான தொடை உள்ளவருக்குப் பிடிப்பு முழங்காலைத் தாண்டி முன்னே போய்விடும். அப்போது சாய்க்கும் பலமே கிடைக்காது.

இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து கைகளைத் தளரத் தொங்கவிடுங்கள். முழங்கைகள் காக்பிட் விளிம்பில் இடிக்கிறதா? துடுப்பைப் பிடித்துப் போடுவதுபோல் அசைத்துப் பாருங்கள். விரல் முட்டிகள் தளத்தில் உரசினாலோ, உரசாமலிருக்கத் தோளை உயர்த்த வேண்டியிருந்தாலோ, அந்தப் படகில் 10 கிலோமீட்டர் போனதும் கழுத்து வலிக்கும்.

பிறகு பின்னால் சாயுங்கள். காக்பிட்டின் பின்விளிம்பு இடுப்பெலும்பின் மேல்மட்டத்துக்குக் கீழே இருக்கவேண்டும். உயரமான பின்தளம் உருண்டு எழும்போது முதுகில் குத்தும். அதைவிட, கவிழ்ந்து நீரில் மிதக்கும்போது மேலே ஏற விடாது. உயரம் குறைந்தவர்கள் மீட்புப் பயிற்சியில் திணறுவதற்குக் கைப்பலக் குறைவைக் காரணம் காட்டுவார்கள். பின்தளம் 4 செ.மீ. தாழ்ந்த படகில் அதே ஆள் முதல் முயற்சியிலேயே ஏறிவிடுவதுண்டு.

இடுப்பில் அணிந்து காக்பிட்டை நீர் புகாமல் மூடும் உறையான ஸ்ப்ரே ஸ்கர்ட்டையும் மாட்டிப் பாருங்கள். விளிம்பின் அளவுக்கு அது பொருந்துவது ஒன்று, இடுப்பைச் சுற்றும் குழாய் உங்கள் அளவுக்கு இருப்பது இன்னொன்று. இரண்டும் தனித்தனி அளவுகள். இழுவை வளையம் வெளியே தெரியும்படி மாட்டி, ஒரே கையால் முன்னோக்கி இழுத்துக் கழற்ற முடிகிறதா என்று தரையிலேயே சோதியுங்கள். முடியாவிட்டால் அந்த ஸ்கர்ட்டோடு கடலுக்குப் போகக் கூடாது.

நீரில்

நீரில் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். முதல் இருபது நிமிட ஆட்டத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இடுப்பு இறுக்கம் தளர்ந்த பிறகுதான் படகின் குணம் தெரியும்.

கரையில் ஒருவரை நிறுத்தி, இரு முனைகளும் எவ்வளவு நீரில் படிகின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முனை மட்டும் தூக்கி நின்றால் இருக்கை நகர்த்த முடியுமா என்று கேளுங்கள். ஒரு முழங்காலை உயர்த்திப் படகைச் சாய்த்து, அப்படியே பத்து எண்ணும் வரை நிறுத்துங்கள். நிறுத்த முடியாமல் மறுபடி தட்டையாகிவிட்டால் ஒன்று அகலம் அதிகம், இல்லையேல் பிடிப்பு பொருந்தவில்லை. பிறகு காற்றைத் தேடிப் போங்கள்: 10 முதல் 12 நாட் காற்றைப் பக்கவாட்டில் வாங்கி, ஸ்கெக் (படகின் அடியிலிருந்து இறங்கும் ஒரு சிறு தகடு) இறக்காமல் 200 மீட்டர் ஓட்டுங்கள். வெறும் சாய்வாலேயே நேராக வைத்திருக்க முடிந்தால் நல்ல அறிகுறி. காற்றே இல்லாத நாளில் சோதித்துவிட்டு வாங்குவது பாதிச் சோதனைதான்.

கடைசியாக, உதவிக்கு ஆள் இருக்கும் ஆழமற்ற நீரில், வேண்டுமென்றே கவிழ்ந்து வெளியேறி, மறுபடி ஏறுங்கள். காக்பிட்டில் நிறையும் ஒவ்வொரு 10 லிட்டர் நீரும் 10 கிலோ. அதை நீங்கள்தான் பம்ப் அடித்து வெளியேற்ற வேண்டும். இதனால்தான் குட்டைக் கால் உள்ளவர்கள் புதிய ஃபைபர்கிளாஸ் படகுக்குச் சொல்லிவைக்கும்போது முன் தடுப்புச் சுவரைப் பாதத்துக்கு அருகே வைக்கச் சொல்வது நல்லது. பல நிறுவனங்கள் செய்து தருகின்றன. காக்பிட் சிறிதாகும், முன்னறை பெரிதாகும், சுவரோடு ஃபோம் ஒட்டிவிட்டால் கால்தாங்கியே தேவைப்படாது.

ஸ்கெக்கா, சுக்கானா

எடை குறைந்தவருக்குக் காற்றோடு போராட்டம் அதிகம் என்பதால் இரண்டில் ஒன்று கட்டாயம் வேண்டும். சறுக்கும் மிதிகளால் திருப்பும் பழைய வகைச் சுக்கானில் கால் ஊன்ற உறுதியான இடம் இருக்காது. பாதம் நிலையாக நிற்க, விரல் நுனியால் மட்டும் திருப்பும் மிதிகள் மேல். எங்கள் தேர்வு ஸ்கெக். பாதி இறக்கினால் பக்கக் காற்றில் நேராகப் போகும், முழுதும் இறக்கினால் காற்றோடு ஓடும். கூழாங்கல் கரையில் ஏறி இறங்கும்போது அதன் பெட்டியில் கல் சிக்கும். தகட்டின் நுனியில் சிறு துளையிட்டு ஒரு கயிற்று வளையம் கட்டிவைத்தால், உடன் வருபவர் நீரிலேயே இழுத்து விடுவித்துவிடலாம். சிக்கியிருக்கும்போது ஸ்கெக்கை இறக்கும் நெம்பைத் தள்ளினால் அதன் கம்பி மடங்கிவிடும்.

எடை

16 அடி பாலிஎத்திலீன் படகு 25 கிலோவுக்கு மேல். ஃபைபர்கிளாஸ் 22 முதல் 25. கார்பன், கெவ்லார் கலந்தவை 17 முதல் 20. மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்திக் கையால் கட்டுபவை 15 கிலோவுக்குக் கீழேயும் வரும். 50 கிலோ ஆளுக்கு 27 கிலோ என்பது தன் எடையில் பாதிக்கும் மேல். தனியாகக் கார்மேல் ஏற்ற முடியாத படகு கொட்டகையிலேயே கிடக்கும். பணம் கூட இருந்தால் அதை வேறு எதிலும் போடாமல் எடைக் குறைப்பில் போடுங்கள். காரின் பின்கண்ணாடிமேல் பழைய ஜமுக்காளத்தை விரித்து, முதலில் அணியத்தை மட்டும் ஏற்றிவைத்து, பிறகு அமரத்தைத் தூக்கித் தள்ளினால் ஒரு நேரத்தில் பாதி எடைதான் கையில் இருக்கும். சிறு சக்கர வண்டி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய படகு என்றால்

பிளாஸ்டிக் படகை ஒரு முனையிலிருந்து கண்ணால் ஓட்டி முறுக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கைக்குக் கீழே அடிப்பகுதி உள்வாங்கியிருந்தால் வேண்டாம். ஃபைபர்கிளாஸில் மயிர்க்கோடு விரிசல்கள் பெரும்பாலும் மேற்பூச்சோடு நின்றுவிடும். அந்த இடத்தை அழுத்தும்போது நெகிழ்ந்தால் உள்ளே நார் உடைந்திருக்கிறது. ஒவ்வொரு அறையிலும் ஒரு வாளி நீர் ஊற்றி, படகைச் சாய்த்துவைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தால் தடுப்புச் சுவர் கசிவது தெரிந்துவிடும். மூடிகளின் ரப்பரை மடக்கிப் பாருங்கள், வெடித்திருந்தால் புதிது வாங்கும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

கொஞ்சம் பெரிதாக அமைந்துவிட்ட படகை வசப்படுத்த

நீர் உறிஞ்சாத ஃபோம் அட்டையும் கூர்மையான கத்தியும் முரட்டு உப்புத்தாளும் போதும். இடுப்புக்கு இருபுறமும், தொடைப் பிடிப்பின் அடியிலும் செதுக்கிய துண்டுகளை முதலில் அகலமான ஒட்டுநாடாவால் மட்டும் பொருத்துங்கள். ஒரு மணி நேரம் ஓட்டி, கால் மரத்துப்போகிறதா, கவிழ்ந்தால் தடையில்லாமல் வெளியே வர முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் பசை. இருக்கையின்மேல் 2 செ.மீ. ஃபோம் வைத்தால் முழங்கை விளிம்பைத் தாண்டும், தொடையும் தளத்துக்கு அருகே வரும். அதற்கு மேல் உயர்த்தினால் படகு தள்ளாடும்.

மேலே நிற்கும் படகை அமிழ்த்த, நீர் நிரப்பிய பைகளாக 5 முதல் 10 கிலோவை இருக்கைக்குப் பின்னுள்ள அறையில், சுவரை ஒட்டி, அடியில் வைத்து அசையாமல் கட்டுங்கள். முன்னறையில் மட்டும் வைத்தால் அணியம் இன்னும் ஆழமாகப் பிடித்து, காற்றை நோக்கித் திரும்பும் குணம் மோசமாகும். கரை சேர்ந்ததும் நீரைக் கொட்டிவிட்டுப் படகைத் தூக்கலாம், கல்லையோ மணலையோ ஏற்றுவதைவிட இது மேல்.

துடுப்பையும் அதே கணக்கில் எடுங்கள். 53 செ.மீ. அகலப் படகுக்கு 205 முதல் 215 செ.மீ. நீளம், மெல்லிய தண்டு, நீரைத் தள்ளும் தட்டையான அலகின் பரப்பு 550 முதல் 620 சதுர செ.மீ. அலகு பெரிதானால் ஒவ்வொரு துடுப்பு வீச்சிலும் தோள்தான் சுமை தாங்கும். கிரீன்லாந்துத் துடுப்பை விரும்புகிறவர் விரித்த கையகலத்தோடு ஒரு முழம் சேர்த்து நீளம் வைத்துக்கொள்ளலாம். அலகின் அகலம், கட்டைவிரலும் சுட்டுவிரலும் வளைந்து பிடிக்கும் அளவைத் தாண்டக் கூடாது.